நள்ளிரவில் ஒரு கண்ணாடிக் குழாய்

தொண்டிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். இரவு 2 மணி. கொல்லைக்குப் போனவரை கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ரத்தம் உறைகிறதா என்று உடனே தெரிய வேண்டும்.

இதற்கு மெஷினே தேவையில்லை. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீராக ஓடினால், உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜனை விஷம் கரைத்துத் தீர்த்துவிட்டது. விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டியதுதான். குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். அதன் பரப்பில் பட்டுத்தான் உறைதல் தொடங்குகிறது. பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றும்.

அதே ராத்திரியில் வேறொருவருக்குக் கொலஸ்ட்ரால் பார்க்கச் சொன்னால்? மெஷினை நம்புவதற்கு முன், அளவு ஏற்கெனவே தெரிந்த இரண்டு 'கன்ட்ரோல்' திரவங்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆக, நோயாளி ஒருவர், ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) செலவு மூவருக்கு. டெக்னீஷியன் சம்பளம், ஏசி, கரண்ட் தனி. பகலில் ஐம்பது பேர் பங்கு போட்டுக்கொள்ளும் செலவு இரவில் ஒருவர் தலையில் விழுகிறது. ஒரு மீனுக்காக விசைப்படகை எடுப்பது மாதிரி.

அதனால் இரவில் கேட்க வேண்டியது: விடிவதற்குள் இந்த முடிவு சிகிச்சையை மாற்றுமா? நெஞ்சுவலிக்கு ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் சோதனை), ரத்தம் ஏற்றும் முன் பொருத்தம் பார்ப்பது, இதெல்லாம் மாற்றும். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை சராசரி எல்லாம் காலையில் பார்க்கலாம். "ரத்தம்தான் எடுத்தாச்சே, எல்லாத்தையும் போட்டுருங்க" என்ற பழக்கம்தான் பணத்தைத் தின்கிறது.

சரி, காலை வரை ரத்தத்தை என்ன செய்வது? அப்படியே வெளியில் வைத்தால் அணுக்கள் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் வேறு வம்பு: குளிரில் அணுச்சுவரின் பம்புகள் மந்தமாகி, உள்ளிருக்கும் பொட்டாசியம் கசியும். காலையில் பொய்யாக ஏறிய பொட்டாசியம் ரிசல்ட்டைப் பார்த்து வார்டே பதறும். மறுபடி ரத்தம், மறுபடி செலவு. சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் மெஷினில் சுற்றி, அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரான சீரத்தைத் தனியே பிரித்துவிட்டுக் குளிரில் வைப்பதே வழி.

வலையை உதறும்போது கடல் பாம்பு கடித்துவிட்ட மீனவர் வந்தால் கணக்கு மாறும். கடிவாயில் வலி பெரிதாக இருக்காது; சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் சதைவலி, சிறுநீர் கறுக்கும். விஷம் தசையைச் சிதைப்பதால் பொட்டாசியம் நிஜமாகவே ஏறி இதயத்தை நிறுத்தலாம். கண்ணாடிக் குழாய் இவருக்கு உதவாது. அந்த ஒருவருக்காக மெஷினை எழுப்பத்தான் வேண்டும்.