ரெஜிஸ்ட்ரி: மூல ஓலை யார் கையில்?

சிராங்கூன் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் அச்சகம் நடத்தும் அண்ணன் ஒருவர், சென்ற ஆண்டு என்னிடம் ஓர் ஆங்கிலக் கடிதத்தை நீட்டினார். கட்டணம் கட்டத் தவறியதால் அவருடைய இணையப் பெயர், அதாவது இணையத்தள முகவரியாக அவர் பதிந்திருந்த பெயர், ‘ரெஜிஸ்ட்ரி’க்குத் திரும்பிவிட்டதாக அதில் எழுதியிருந்தது. “தம்பி, பத்து வருடத்துக்கு முன்பே காசு கொடுத்து வாங்கிய பெயர் இது. திரும்பிப் போகிறது என்றால் அதற்கு வேறொரு சொந்த வீடு இருந்ததா?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். கேள்வி சட்டத்தைப் பற்றியது என்றாலும் எனக்கு அது சொல்லைப் பற்றியதாகத்தான் கேட்டது.

ரெஜிஸ்ட்ரியின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ரெகெரெரே’ என்றால் திரும்பக் கொண்டுவருதல். நடந்ததை மீண்டும் ஏட்டுக்குக் கொண்டுவந்து குறித்து வைப்பது என்ற பொருளில் ‘ரெகெஸ்டா’ பிறந்தது. அதன் வழியில் ஆங்கிலத்துக்கு ரெஜிஸ்டரும் ரெஜிஸ்ட்ரியும் வந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் அது நம்மிடம் ‘ரிஜிஸ்தர்’ ஆனது. ரிஜிஸ்தர் தபால், ரிஜிஸ்தர் கல்யாணம் என்று நம் தாத்தாக்கள் தாராளமாகப் புழங்கிய சொல். எங்கே போனாலும் அதற்கு எழுத்தர் வாசனை உண்டு. மேசை, ஏடு, மை, குனிந்த தலை.

இணையப் பெயரை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘டொமைன்’ வேறு குலம். டோமினஸ் என்றால் தலைவன், எசமான். டோமினியம் என்றால் அவனுடைய உடைமை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பிரபுவின் நிலத்தைக் குறித்தது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இணையப் பெயர்களுக்கான முறையை வகுத்தபோது, பெயர்களை அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கையும் ஒருவர் பொறுப்பில் விடுவதற்கு இந்தச் சொல் வசதியாக அமைந்தது. ஆனால் நிலக்கிழாரின் வாடை அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அதனால்தான் அண்ணனைப் போன்றவர்கள் ‘வாங்கினேன்’ என்கிறார்கள். அவரை மட்டும் குறை சொல்வானேன்? 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் பற்றியும் நாம் எல்லாரும் ‘வாங்கினேன்’ என்றுதான் சொல்கிறோம். இணையப் பெயரில் குத்தகைக் காலம் அதைவிடக் குறுகியது. டாட் காம் போன்ற பெயர்களை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிய முடியும்.

உடைமையைக் குறிக்கும் சொல்லை யாருக்கும் உடைமையாகாத ஒன்றுக்கு வைத்தார்கள். எழுத்தரின் சொல்லை, பெயரை ஒரு நொடியில் அணைக்க வல்லவருக்கு வைத்தார்கள். இணையப் பெயர்ச் சண்டைகளில் பாதி இந்த இடமாற்றத்திலிருந்து கிளம்புகிறது என்பது என் எண்ணம்.

மூன்று ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். பெயரைப் பயன்படுத்துகிறவர், அவருக்கு அதை விற்கும் கடைக்காரர், டாட் காம் அல்லது டாட் எஸ்ஜி என்று முடியும் பெயர்களின் முழு ஏட்டையும் வைத்திருப்பவர். மூன்றாமவர்தான் ரெஜிஸ்ட்ரி, கடைக்காரர் ரெஜிஸ்ட்ரார். ஒரு காலத்தில் டாட் காமுக்கு இரு வேலையையும் ஒரே நிறுவனம் பார்த்தது. இதில் ஒரு சிங்கப்பூர்ச் செய்தி உண்டு. பெயர் முறையை மேற்பார்க்க 1998-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஐகான், தன் முதல் பொதுக்கூட்டத்தை 1999 மார்ச்சில் இங்கேதான் நடத்தியது. ரெஜிஸ்ட்ரார்களை அங்கீகரிக்கும் கொள்கையை அப்போதுதான் ஏற்றது. டாட் காம்போல முடிவில் வரும் ஈற்றுப் பெயர்கள் புதிதாக வரக் கதவைத் திறந்துவிட்ட 2011 ஜூன் முடிவும் இந்த ஊரில் எடுக்கப்பட்டதே.

ஏட்டை வைத்திருப்பவருக்கு எப்படி இவ்வளவு பலம்? திருவெண்ணெய்நல்லூர் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சுந்தரரின் திருமணத்தில் நுழைந்த கிழவர், ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். ‘கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது’ என்கிறார் கிழவர். அவையில் மூல ஓலை வந்ததும், பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டதும் வழக்கு முடிந்துவிடுகிறது. இணையத்திலும் இதுதான் நடக்கிறது. கடைக்காரரின் கணக்குப் பக்கத்தில் நீங்கள் பார்ப்பதும், உலகெங்கும் கணினிகள் சில மணி நேரம் நினைவில் வைத்திருப்பதும் படியோலைகள். மூல ஓலை ரெஜிஸ்ட்ரியின் ஏடு. அதில் ஒரு வரி நீங்கினால் மற்றவை தாமாகவே காலாவதியாகிவிடும்.

ஒன்றில் சுந்தரர் கொடுத்துவைத்தவர். அவருடைய மூல ஓலையில் பாட்டனாரின் கையெழுத்தாவது இருந்தது. டாட் காம் ஏட்டில் பெயர், கடைக்காரர், தேதிகள், எந்தக் கணினியைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவைதான் உண்டு. பெயரை வைத்திருக்கும் மனிதர் யார் என்பது அங்கே இல்லை. அந்த விவரம் கடைக்காரரிடம் இருக்கிறது.

15 கோடிக்கு மேற்பட்ட டாட் காம் பெயர்களின் ஏடு அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்திடம் உள்ளது. 2003 செப்டம்பர் 15 அன்று அது ஒரு காரியம் செய்தது. டாட் காமிலும் டாட் நெட்டிலும் யாரும் பதியாத பெயரைத் தட்டினால் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற விடை வர வேண்டும். அதற்குப் பதிலாக வெரிசைனின் தேடல் பக்கம் வந்து நின்றது. எழுத்துப் பிழையாகத் தட்டியவர்கள் அனைவரும் ஒரே இரவில் அதன் வாடிக்கையாளர் ஆனார்கள். பெயர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் குப்பை அஞ்சலை வடிகட்டிய மென்பொருள்கள் தடுமாறின. ஐகான் அதட்டியதால் அக்டோபர் 4 அன்று அந்தச் சேவை நின்றது. அடுத்த ஆண்டே வெரிசைன் ஐகான்மீது வழக்குத் தொடுத்தது. ஏட்டில் எழுதாத வெற்றிடமும் தனக்கே என்று ஓர் எழுத்தர் உரிமை கொண்டாடியதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

2012-இல் போடாக் என்ற சூதாட்டத் தளத்தின் டாட் காம் பெயரை அமெரிக்க அதிகாரிகள் முடக்கினார்கள். பெயரைப் பதிந்த கடை கனடாவில் இருந்தது. அதிகாரிகள் அந்தப் பக்கமே போகவில்லை. நீதிமன்ற ஆணையோடு வெர்ஜீனியாவில் இருக்கும் வெரிசைனிடம் போனார்கள். பெயர் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பது ஏடு எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என அன்று பலருக்கு உறைத்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1994-இல், இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் வழிகாட்டுக் குறிப்பு ஒன்றை எழுதியிருந்தார். ஈற்றுப் பெயர்களை நிர்வகிப்பவர்கள் சமூகத்துக்கு ‘டிரஸ்டீ’கள், உரிமை, உடைமை என்று பேசுவது பொருந்தாது, பொறுப்பையும் சேவையையும் பேசுவதே பொருந்தும் என்பது அதன் சாரம். டிரஸ்டீக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: அறங்காவலர். கோயிலை அவர் நடத்தலாம், விற்க முடியாது. 2019 நவம்பரில் டாட் ஆர்க் ஏட்டைப் பராமரிக்கும் லாப நோக்கற்ற அமைப்பை ஈதோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் நிறுவனத்துக்கு 113.5 கோடி அமெரிக்க டாலருக்கு விற்க ஏற்பாடானபோது எழுந்த கூச்சலை இந்தச் சொல்லோடு பொருத்திப் பார்த்தால் காரணம் உடனே விளங்கும். அதே ஆண்டு ஜூனில்தான் அந்தப் பெயர்களின் விலை வரம்பு நீக்கப்பட்டிருந்தது. 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் விற்பனைக்கு ஒப்புதல் மறுத்தது.

இனித் தமிழ்ச் சொல். டொமைனுக்கு ‘ஆள்களம்’ பரவலாக வழங்குகிறது. ஆள் என்ற வினையும் களமும் சேர்ந்த சொல். மூலத்தின் எசமான் வாடையை அப்படியே சுமந்து வருகிறது. பிழையென்று சொல்ல மாட்டேன். பொதுமக்களுக்கான கடிதத்தில் ‘இணையப் பெயர்’ என்றே எழுதுகிறேன். ஆளுகிறேன் என்ற மயக்கமாவது வராமல் இருக்கும்.

ரெஜிஸ்ட்ரிக்குப் ‘பதிவகம்’. சிங்கப்பூரில் இதற்கு அறிமுகமே வேண்டாம்; திருமணப் பதிவகத்துக்குப் போகாத குடும்பம் எது? பதிதல் என்றால் தடம் விழுதல். பதி என்பதற்கு ஊர், தலைவன் என்றும் பொருள் உண்டு. அவை வேறு சொற்கள். ஆனாலும் எழுத்தரின் சொல்லுக்குள் ஒரு தலைவன் ஒளிந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கிலத்தில் ரெஜிஸ்ட்ரி என்பது சில இடங்களில் அமைப்பையும் சில இடங்களில் ஏட்டையும் குறிக்கும். தமிழில் அமைப்புக்குப் பதிவகம், ஏட்டுக்குப் பதிவேடு என்று பிரித்துவிடலாம். பழமை வேண்டுவோர்க்குச் சோழர் கல்வெட்டுகளில் ‘ஆவணக்களரி’ இருக்கிறது: நில விற்பனை ஓலைகளைப் பதிந்த இடம். அழகான சொல்தான், ஆனால் நம் பிள்ளைகள் களரி என்றால் சண்டைக்கலை என்பார்கள்.

எனக்கு இடிப்பது ‘பதிவாளர்’. ரெஜிஸ்ட்ராருக்குப் பலரும் இதையே எழுதுகிறார்கள். திருமணப் பதிவாளர் அரசு ஆணை பெற்றவர். அவர் முன் எழுந்து நிற்கிறோம். பெயர் விற்கும் நிறுவனமோ ஒரு கடை. கடைக்கு அதிகாரியின் பட்டம் சூட்டினால், அதன் கடிதத்தைப் படிப்பவர் அரசாங்கமே எழுதியதாக அஞ்சுவார். வீடு விற்க முகவர் இருப்பதுபோல இதற்கும் ‘பதிவு முகவர்’ போதும். பெயரை வைத்திருப்பவர் ‘பதிவுதாரர்’.

.சிங்கப்பூர் என்று முழுவதும் தமிழில் முடியும் ஈற்றுப் பெயர் 2011 முதல் நமக்கு உண்டு. பிறமொழி எழுத்துகளில் இணையப் பெயர் அமைக்கும் முயற்சிக்கு 1998-இல் வழி திறந்தவர்களில் முக்கியமானவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. .சிங்கப்பூர் பதிவேட்டையும் டாட் எஸ்ஜி பதிவேட்டையும் பராமரிக்கும் பதிவகம் எஸ்ஜிநிக். டாட் எஸ்ஜி பெயரைப் பதிந்தவர் 21 நாளுக்குள் அரசின் மின்னடையாளச் சேவையான சிங்பாஸ் வழியாக அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் பெயர் முடக்கப்படும். அண்ணன் புதிதாக எடுத்தது டாட் எஸ்ஜி பெயர் என்பதால் இரண்டாம் நாளே கைப்பேசியோடு வந்து நின்றார்.

அவருக்காக நான் எழுதிய விளக்கத் தாளைப் படித்தவர், பதிவுதாரர் என்ற சொல்லில் விரலை வைத்து, “நேராகக் குத்தகைதாரர் என்றே போட்டிருக்கலாமே?” என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குத்தகைக்கு நிலக்கிழார் ஒருவர் வேண்டும். வெரிசைனே ஆறாண்டு ஒப்பந்தத்தில்தான் டாட் காமை நடத்துகிறது. அதைக் கொடுத்த ஐகானும் தன்னை உரிமையாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. இதை விளக்கினேன். “அப்படியானால் வாடகையை மட்டும் ஏன் ஏற்றுகிறார்கள்?” என்று கேட்டுவிட்டு, தாளில் தம் சொல்லையே பென்சிலால் எழுதிக்கொண்டார்.