சிந்த்ரா மலையூர்: ஒரே நாளில் ஐந்து இடங்கள் வேண்டாம்

போர்த்துகல் தலைநகர் லிஸ்பனின் ரோஸியு ரயில் நிலையத்திலிருந்து சிந்த்ராவுக்கு நாற்பது நிமிடப் பயணம். இவ்வளவு பக்கம் என்பதாலேயே பலருடைய திட்டம் கெட்டுப்போகிறது. பெனா அரண்மனை, மூர்க் கோட்டை, ரெகலெய்ரா தோட்டம், மொன்செராத், மாலையில் ரோக்கா முனையில் சூரிய அஸ்தமனம் என்று ஐந்தையும் ஒரே நாளில் திணிக்கிறார்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் இது மலை. ஊருக்கும் பெனாவுக்கும் இருநூறு மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம், நடுவில் வளைந்து வளைந்து போகும் குறுகிய சாலை. மாலையில் திரும்பும்போது கையில் நூறு புகைப்படங்கள் இருக்கும். எந்த அறையை எந்த அரசன் கட்டினான் என்று கேட்டால் பதில் வராது.

ஒரு நாளுக்கு எங்கள் கணக்கு மூன்று இடங்கள்: பெனா, மூர்க் கோட்டை, ஊருக்குள் இருக்கும் தேசிய அரண்மனை. முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் கோட்டையை விட்டுவிட்டு இரண்டு. ரெகலெய்ராவுக்கும் மொன்செராத்துக்கும் இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

வரிசையும் முக்கியம். வண்டியில் ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். 434 எண் பேருந்து ரயில் நிலையம், ஊர், கோட்டை, பெனா என்று ஒரே திசையில் சுற்றுகிறது. காலையில் முதலில் பெனா போய்விட்டால், அங்கிருந்து கோட்டை வாசல் ஐந்து நிமிட நடைதான். கோட்டையிலிருந்து காட்டுப் பாதையில் முக்கால் மணி நேரத்துக்குள் ஊருக்கு இறங்கிவிடலாம். தலைகீழாக, ஊரில் தொடங்கி மதியம் மலையேற நினைப்பவர்கள் பேருந்து வரிசையிலேயே நேரத்தைத் தொலைக்கிறார்கள். சொந்த காரில் வருவது அதைவிடச் சிரமம். மலைச் சாலையில் தனியார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, ஊரில் நிறுத்த இடமும் கிடைக்காது.

பெனாவில் அதிகம் பேர் ஏமாறுவது டிக்கெட் நேரத்தில். அதில் அச்சிட்டிருப்பது அரண்மனைக் கதவுக்குள் நுழையும் நேரம், பூங்கா வாசலுக்கு வரும் நேரம் அல்ல. பூங்கா வாசலிலிருந்து அரண்மனைக்கு ஏற்றத்தில் நடக்க வேண்டும், அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள், பணமும் திரும்ப வராது. 9.30 டிக்கெட் என்றால் 9 மணிக்கே பூங்கா வாசலில் நிற்பதுதான் பாதுகாப்பு.

உள்ளே அறைகள் சிறியவை, கூட்டம் ஒரே வழியாக நகர்ந்துகொண்டே இருக்கும். அறைக்குள் நின்று விளக்கம் சொல்ல எந்த வழிகாட்டியாலும் முடியாது. அதனால் நல்ல வழிகாட்டி, வாசலுக்கு வெளியிலேயே கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார். சொல்ல நிறையவே இருக்கிறது. இங்கே முதலில் இருந்தது 1503-இல் முதலாம் மனுவேல் அரசர் எழுப்பிய ஜெரோனிமைட் துறவிகளின் மடம். 1755 நிலநடுக்கம் அதைச் சிதைத்தது. ராணி இரண்டாம் மரியாவின் கணவர், ஜெர்மானிய இளவரசர் பெர்டினாண்டு, 1838-இல் அந்த இடிபாட்டை வாங்கி, எஷ்வேகே பிரபு என்ற பொறியாளரைக் கொண்டு அரண்மனையாக்கினார். சிவப்புப் பகுதி பழைய மடம், மஞ்சள் பகுதி புதிதாகக் கட்டியது. இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே கட்டடம் புரியத் தொடங்கிவிடும். பல்லாண்டு சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்த சுவர்களுக்கு 1990-களில் மறுபடி வண்ணம் பூசினார்கள். அது சுற்றுலாவுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த நிறம் என்று சிலர் சொல்வது தவறு, பழைய வண்ணத்தையே மீட்டார்கள்.

மூர்க் கோட்டையிலும் இதுபோல் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்கள் எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் தொடங்கிய கோட்டை இது; 1147-இல் லிஸ்பன் விழுந்ததும் சண்டையில்லாமல் போர்த்துகலின் முதல் அரசர் அபோன்சு என்ரீக்கஷிடம் சரணடைந்தது. ஆனால் இன்று கண்ணில் படும் மதில் முழுவதும் அந்தக் காலத்துக் கல் அல்ல. பெர்டினாண்டு தன் அரண்மனைச் சன்னலிலிருந்து பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் பழுது பார்த்துக் கட்டியதும் அதில் கலந்திருக்கிறது. மதில்மேல் நடக்கும் பாதையில் பல இடங்களில் உட்பக்கம் கைப்பிடி கிடையாது. மூடுபனி நாளில் கருங்கல் படிகள் ஈரத்தில் வழுக்கும். தேய்ந்த செருப்பு, சேலை, குழந்தையைத் தோளில் சுமப்பது எதுவும் அங்கே வேண்டாம்.

மூடுபனி என்பதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதும் மலை இதுதான். மேலேறும் காற்று குளிர்ந்து மேகமாகிறது. லிஸ்பனில் வெயில் கொளுத்தும் நாளிலும் பெனாவில் பத்தடி தூரம் தெரியாமல் போகலாம். ஒரு மெல்லிய ஸ்வெட்டரைப் பையில் போடுங்கள். நேர்மாறான ஆபத்தும் உண்டு: காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் கோடை நாட்களில் மலைப்பகுதியை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் கைகொடுப்பது ஊருக்குள் இருக்கும் தேசிய அரண்மனை.

உண்மையில், மூடாத நாளிலும் நேரம் ஒதுக்க வேண்டிய இடம் அதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெளியிலிருந்து பார்த்தால் 33 மீட்டர் உயரத்தில் இரண்டு வெள்ளைக் கூம்புகள். அவை கோபுரங்கள் அல்ல, அடுப்படிப் புகைபோக்கிகள். வேட்டை முடிந்து வரும் அரசனின் பரிவாரத்துக்கே சமைக்க வேண்டியிருந்ததால் இவ்வளவு பெரிது. உள்ளே பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டு வண்ண ஓடுகள் சுவரெங்கும் அதே இடத்தில் நிற்கின்றன. செவில் நகரிலிருந்து வந்தவை பல. ஓடுகளை அருகில் போய்ப் பாருங்கள். சிலவற்றில் இரு வண்ணங்களுக்கு நடுவே கறுப்புக் கோடு தெரியும். எண்ணெய்ப் பசை கலந்து வரைந்த அந்தக் கோடு, சூளையில் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தடுத்தது. வேறு சிலவற்றில் கோட்டுக்குப் பதிலாக அச்சில் எழுப்பிய மெல்லிய மேடு. அந்த மேட்டைத் தடவிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். தடவாதீர்கள். ஆயிரம் விரல்கள் பட்ட இடத்தில் மேற்பூச்சு போய்விடும்.

இதே அரண்மனையில், மைனாவைப் போலச் சத்தமிடும் மேக்பை பறவைகள் 136-ஐ வரைந்த கூரை ஒன்று உண்டு. முதலாம் ஜோவான் அரசர் தோழிப் பெண் ஒருத்தியை முத்தமிட்டபோது ராணி பார்த்துவிட்டாள், அரசவைப் பெண்கள் வம்பு பேசினார்கள், எத்தனை பெண்களோ அத்தனை பறவைகளை வரையச் சொன்னார் என்ற கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். சுவையான கதைதான். ஆனால் பறவைகள் ஏந்தியிருக்கும் வாசகம், ‘நல்லதற்கே’ என்ற பொருள்படும் ‘போர் பெய்ம்’, அந்த அரசர் தனக்கென்று சூடிக்கொண்ட முத்திரை வாசகம். கதையைச் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறவர் நல்ல வழிகாட்டி. அடுத்து, 72 குடும்பங்களின் சின்னங்கள் வரைந்த மண்டபம். முதலாம் மனுவேல் காலத்துப் பிரபுக்களின் வரிசை அது. வாஸ்கோ ட காமாவை இந்தியாவுக்கு அனுப்பியவர் இதே மனுவேல்தான்.

ரெகலெய்ராவில்தான் கட்டுக்கதை கட்டுமீறிப் போகிறது. 27 மீட்டர் ஆழத்துக்குச் சுழன்று இறங்கும் கிணற்றில், இடைக்காலக் கிறிஸ்தவப் போர்த்துறவிகளான டெம்ப்ளர் வீரர்கள் சடங்கு செய்தார்கள் என்று கேட்பீர்கள். டெம்ப்ளர் அமைப்பு 1312-இல் கலைக்கப்பட்டது. இந்தத் தோட்டமோ, பிரேசிலில் பிறந்த செல்வந்தர் கார்வாலியு மொன்தெய்ரு, இத்தாலியக் கலைஞர் லூயிஜி மனீனியைக் கொண்டு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது. அவருக்கு மறைஞானக் குறியீடுகளில் ஈடுபாடு இருந்தது, அவ்வளவே. கிணற்றில் தண்ணீர் இறைத்ததும் இல்லை.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் கேட்டுப் பெற வேண்டிய தகவல் ஒன்று உண்டு. மொன்செராத் தோட்டத்தில் நிற்கும் இந்திய வளைவு, 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவிடமிருந்து, தோட்டத்தின் உரிமையாளரான ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் குக் வாங்கியது. போர்த்துகீசிய இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ஜோவான் ட காஸ்த்ரோவுக்கும் சிந்த்ராவில் தோட்டம் இருந்தது. குஜராத்தின் சோமநாத் ஊரைச் சேர்ந்த 13-ஆம் நூற்றாண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று சிந்த்ரா வரை போய்ச் சேர்ந்தது. கடல்வழி வெற்றிகளைப் புகழ்ந்து பேசும் சுற்றுலாவில் இவை பெரும்பாலும் வருவதில்லை. நீங்கள் கேட்டால்தான் வரும்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பச்சைக் கீரை சூப் ‘கால்டு வெர்ட்’ சைவம்போலத் தோன்றும். பெரும்பாலும் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். ஊரின் புகழ்பெற்ற இனிப்புகளான கெய்ஜாடாவிலும் திரவெசெய்ருவிலும் முட்டை உண்டு.

கடைசியாக, நினைவுப் பொருள். பழைய ஓடு என்று தனித்தனியாக விற்கும் துண்டுகளை, மூலம் தெரியாமல் வாங்காதீர்கள். கட்டடங்களின் முகப்பிலிருந்து ஓடு பெயர்த்துத் திருடுவது போர்த்துகலில் நெடுநாள் பிரச்சினை, அதைத் தடுக்கவே அந்நாட்டு நீதித்துறைக் காவலின் அருங்காட்சியகம் ‘எஸ்ஓஎஸ் அஸுலேஜு’ (அஸுலேஜு என்றால் வண்ண ஓடு) என்ற திட்டத்தை 2007 முதல் நடத்துகிறது. பின்புறம் பழைய காரை ஒட்டியிருந்தால் அது ஏதோ ஒரு சுவரிலிருந்து வந்தது. எந்தச் சுவர் என்று விற்பவரிடம் கேளுங்கள். ரசீதோடு பதில் வராவிட்டால் வைத்துவிட்டு, பட்டறையில் புதிதாகக் கையால் வரைந்த ஓட்டை வாங்குங்கள்.