இலையில் விழுந்த புள்ளி யார் போட்டது?

அணைக்கட்டுப் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் கழனி இருக்கிறது. தை மாதம் போனபோது இரண்டு நெல் இலைகளைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். ஒன்றில் கண் வடிவத்தில் நீண்ட புள்ளிகள்; நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. அடுத்த பாத்தியில் வேறு ரகம். அதன் இலையில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புப் பொட்டுகள் மட்டும்தான்.

"ரெண்டுக்கும் ஒரே மருந்துதானா மாப்ள?" என்று கேட்டார்.

இரண்டும் குலை நோய்தான், பூசணமும் ஒன்றுதான். ஆனால் முதல் இலையில் இருப்பது பூசணம் தின்ற தடம். இரண்டாவதில் உள்ள பொட்டுகளைப் போட்டது பெரும்பாலும் நெற்பயிரே.

பனி ஈரத்தில் இலைமேல் ஒட்டும் பூசண வித்து, ஒரு குமிழியை உருவாக்கிக்கொண்டு இலைக்குள் துளை போடுகிறது. அந்தக் குமிழிக்குள் இருக்கும் அழுத்தம் லாரி டயரில் இருப்பதைப் போலச் சுமார் பத்து மடங்கு. பூசணத்தின் சுவரில் கைட்டின் என்ற பொருள் உண்டு. இறால் ஓட்டில் இருப்பதும் அதுதான். செடியின் உடம்பில் கைட்டின் கிடையாது. அதனால் அதன் துணுக்கு பட்டதுமே அந்நியன் வந்துவிட்டான் என்று செல்லுக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்த சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. செல் சவ்வில் இருக்கும் ஒரு நொதி, ஆக்சிஜன்மேல் ஓர் எலக்ட்ரானை ஏற்றி சூப்பர்ஆக்சைடாக மாற்றுகிறது. அது சீக்கிரமே ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். ஆமாம், மருந்துக்கடையில் புண் கழுவ வாங்குகிறோமே, அதேதான். 1983இல் ஜப்பானிய ஆய்வாளர் நோரியுகி டோகே உருளைக்கிழங்கில் இதைக் கவனித்து எழுதினார்.

இந்தப் பெராக்சைடு கிருமியைத் தாக்கும். செல் சுவரைக் கெட்டியாக்கும். பக்கத்துச் செல்லுக்குச் சேதியும் சொல்லும். வந்திருக்கும் பூசண வகையை அடையாளம் காணும் மரபணு அந்த ரகத்தில் இருந்தால், தாக்கப்பட்ட செல் தன்னையே கொன்றுகொள்ளும். நெற்பயிருக்குள் குலை நோய்ப் பூசணம் காலூன்ற முதலில் உயிருள்ள செல் வேண்டும். செத்த செல்லில் அது மாட்டிக்கொள்கிறது. செத்த செல்கள் சேர்ந்த பொட்டுதான் மாமா காட்டிய குண்டூசித் தலை. கோதுமைத் துரு நோயில் இதே நடத்தையைப் பார்த்து அமெரிக்க ஆய்வாளர் ஸ்டேக்மன் 1915இலேயே அதற்கு மிகையுணர்வு (hypersensitivity) என்று பெயர் வைத்துவிட்டார்.

சரி, இவ்வளவு கடுமையான பொருளைச் செடி எப்படித் தாங்குகிறது? நோய் வராவிட்டாலும் அதற்கு இந்தத் தொல்லை உண்டு. சித்திரை வெயிலில் நம் ஊர்ச் செடிகள் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலைத் துளைகளை மூடிக்கொள்கின்றன. கரியமில வாயு உள்ளே வருவது குறையும், வெயிலோ குறைவதில்லை. வெயில் கிளப்பிவிட்டுப் போக்கிடம் இல்லாத எலக்ட்ரான்கள் ஆக்சிஜன்மேல் போய் ஏறி, அதே சூப்பர்ஆக்சைடையும் பெராக்சைடையும் உண்டாக்குகின்றன. அவற்றை அணைக்க வைட்டமின் சி, குளூட்டாதையோன், கேட்டலேஸ் எனப் பெரிய ஏற்பாடே இலைக்குள் இருக்கிறது. கேட்டலேஸை வீட்டிலேயே பார்க்கலாம். பச்சை முருங்கைக்கீரையை அரைத்து, அதன்மேல் கொஞ்சம் பெராக்சைடு விட்டால் நுரை பொங்கும். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைவதுதான் அந்த நுரை. நன்றாக வேகவைத்த கீரையில் நொதி கெட்டுவிடுவதால் இப்படிப் பொங்காது.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது, இந்த ஆயுதத்தைத் திருப்பிப் பிடிக்கும் பூசணங்கள்தான். வட ஆற்காட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட எவருக்கும் டிக்கா இலைப்புள்ளி தெரிந்திருக்கும். அதை உண்டாக்கும் பூசணங்கள் செர்கோஸ்போரா வகையறா. இந்த வகையறாவில் பல, செர்கோஸ்போரின் என்ற சிவப்பு நஞ்சைச் சுரக்கின்றன. இருட்டில் அது சும்மா கிடக்கும். வெளிச்சம் பட்டதும் ஆக்சிஜனை உசுப்பி இலைச் செல்லின் சவ்வைக் கிழிக்கும். வெளியே கசியும் சத்தைப் பூசணம் உண்ணும். செடிக்குச் சோறு போடும் வெயிலே அங்கே அதற்கு எதிராகத் திரும்புகிறது.

நோய் கண்ட செடி மற்ற இலைகளையும் உஷார்ப்படுத்தும். அதில் சாலிசிலிக் அமிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்பிரின் அதன் உறவுக்காரன். 1979இல் புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் செலுத்திப் பார்த்தபோது, தேமல் வைரஸால் வரும் புள்ளிகள் குறைந்தன.

மாமாவிடம், கண் வடிவம் இருக்கும் பாத்திக்கு யூரியாவை நிறுத்திவிட்டு மருந்து அடிக்கச் சொன்னேன். தழைச்சத்து கூடினால் குலை நோயும் கூடும். பொட்டு விழுந்த பாத்தியில் உடனே எதுவும் செய்ய வேண்டாம் என்றேன். ஆனால் ஒரு சிக்கல்: பெரிய புள்ளியும் தொடக்கத்தில் சின்னப் பொட்டாகத்தான் இருக்கும். அதனால் ஐந்தாறு இலைகளில் சிவப்பு நூல் கட்டிவைத்தோம். ஆறாம் நாள் காலையில் மாமா போன் செய்தார். பொட்டு அப்படியே இருக்கிறதாம்.