பிரிண்ட் கொடுக்கும் முன் ஒரு டம்மி மடித்துப் பாருங்கள்

போன வாரமும் ஒருவர் அச்சடித்த ஏ4 தாள்களைக் கட்டாக எங்கள் அச்சகத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். அவரே எழுதிய கவிதைகள், அவரே செய்த லேஅவுட். "மடிச்சு நடுவுல பின் மட்டும் அடிச்சுக் குடுங்க" என்றார். முதல் தாளின் முன்புறம் இடமிருந்து வலமாக 1, 2. பின்புறம் 3, 4. மடித்தால் 2ஆம் பக்கம் அட்டையில் வந்து நிற்கும், 1ஆம் பக்கம் பின்னட்டைக்குப் போய்விடும். அத்தனை தாளும் வீண். எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வது!

திரையில் அருகருகே தெரிகிற பக்கங்கள் தாளிலும் அருகருகே வரும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நான்கு வெற்றுத் தாள்களை அடுக்கி மடித்து, 1 முதல் 16 வரை எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளில் 16க்குப் பக்கத்தில் 1 இருக்கும், அதன் மறுபுறம் 2ம் 15ம். எந்தத் தாளை எடுத்தாலும் ஒரு புறத்தின் இரண்டு எண்களும் சேர்ந்தால் 17 வரும். அடுத்தடுத்த எண்கள் தாளில் சேர்ந்து வருவது நட்டநடுவில், 8ம் 9ம் மட்டும்தான். இதைத்தான் டம்மி என்கிறோம்.

இந்த வரிசையை நீங்கள் கையால் அடுக்க வேண்டியதில்லை. ஏ5 அளவில், அதாவது ஏ4இல் பாதியில், ஒவ்வொரு பக்கமாக, படிக்கிற வரிசையிலேயே செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். வீட்டு பிரிண்டர் என்றால் புக்லெட் என்ற தேர்வு பார்த்துக்கொள்ளும். இருபுறமும் அடிக்கும்போது குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்புறம் தலைகீழாக வரும். அச்சகத்துக்குக் கொடுப்பதானால் தனித்தனிப் பக்கங்களாகவே கொடுங்கள். நீங்கள் முன்கூட்டியே இரண்டிரண்டாகச் சேர்த்துத் தந்தால் நாங்கள் முதலில் அதைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஏ4இல் தட்டச்சு செய்துவிட்டு 'சுருக்கிக்கொள்ளலாம்' என்பவர்களுக்கு: 12 பாயின்ட் எழுத்து எட்டரையாகிவிடும். அந்த அளவில் கி எது, கீ எது என்று கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். வயதானவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். ஏ5 பக்கத்திலேயே 11 பாயின்ட் வையுங்கள். மேல் கொம்பும் கீழ்ச் சுழியும் முட்டாதபடி வரி இடைவெளி தாராளமாக இருக்கட்டும்.

பின் அடிக்கும் புத்தகம் என்றால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். 22 பக்கம் என்றால் அது 24தான். மிச்சம் இரண்டை எங்கே விடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சும்மா விட்டால் கடைசியில் வெறுமையாகத் தொங்கும்.

தாள் சேரச் சேர உள்தாள் வெளியே பிதுங்கும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். பத்துத் தாள் மடித்தால் நடுத்தாள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். ஓரம் வெட்டும்போது அதுவும் சேர்ந்து போகும். பக்க எண்ணை விளிம்பில் ஒட்டி வைத்தவர்கள் எங்களைத் திட்டுவது இதனால்தான். வெளி ஓரத்தில் 10 மில்லிமீட்டராவது விடுங்கள். ஓரம்வரை ஓடும் படமோ வண்ணமோ இருந்தால் வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டுங்கள்.

படங்களை செய்தி செயலியில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். ஃபைலாக அனுப்புங்கள். ஏ5 முழுப்பக்கப் படம் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவாக வர 1748க்கு 2480 பிக்சல் வேண்டும். அப்புறம், பிடிஎஃபில் எழுத்துருவை (ஃபான்ட்) உள்ளேயே பதித்துத்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் எங்கள் கணினியில் உங்கள் கவிதை கட்டம் கட்டமாகத் திறக்கும்.

அவசரம் புரிகிறது, வெளியீட்டுத் தேதியும் குறித்திருப்பீர்கள். இருந்தாலும் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, பின் அடித்து, எழுதாத வேறொருவரிடம் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கக் கொடுங்கள். அவர் சரி என்ற பிறகு மிச்சப் பிரதிகளை அடிக்கலாம்.