கடைசி பெஞ்ச் எம்.பி. என்று ஒருவர் இல்லை

பிரிட்டன் அரசியல் பற்றிய தமிழ்ச் செய்தி எதை எடுத்தாலும் ‘கடைசி பெஞ்ச் எம்.பி.’ ஒருவர் தலைகாட்டிவிடுகிறார். மூலத்தில் இருப்பது ‘பேக்பெஞ்சர்’. பெஞ்ச் என்றதுமே மொழிபெயர்ப்பவருக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது.

சொல் பிறந்த கதை சின்னது. லண்டன் மக்களவையில் இரு தரப்பும் எதிரெதிராக நீள பெஞ்சுகளில் உட்காருகிறார்கள். ஒரு பக்க முதல் வரிசையில் அமைச்சர்கள், எதிர்ப்பக்க முதல் வரிசையில் நிழல் அமைச்சர்கள், அதாவது ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிராக எதிர்க்கட்சி நிறுத்தும் ஆட்கள். மற்றவர்கள் பின்னால். அவ்வளவுதான்.

பின்னால் என்றால் கடைசியில் என்று அர்த்தமா? முதல் வரிசைக்கு அப்புறம் வருகிற எல்லா வரிசையும் பின்வரிசைதான். அதுவும் தமிழில் கடைசி பெஞ்ச் என்பது வெறும் இடமா என்ன? அது மாப்பிள்ளை பெஞ்ச். அரட்டை, தூக்கம், அரியர் எல்லாம் கூடவே வரும்.

டென்னிஸ் ஸ்கின்னரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1970 முதல் 2019 வரை போல்சோவர் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. ஒருநாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. 1985 ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, மனிதக் கரு ஆராய்ச்சிக்குத் தடை போட ஈனோக் பவல் என்ற எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா சபைக்கு வரவிருந்தது. ஸ்கின்னர் எழுந்து, பிரெக்கன்-ராட்னர் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடத்த ஆணையிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட தீர்மானத்துக்கு முன்னுரிமை உண்டு. அதன்மேல் பேசிப் பேசியே நேரம் கரைந்தது, மசோதாவும் போயே போய்விட்டது. சபை விதிகளைக் கரைத்துக் குடித்த ஆளுக்கு மாப்பிள்ளை பெஞ்சா?

இன்னொரு வேடிக்கை. அவர் வழக்கமாக உட்கார்ந்தது முதல் வரிசையில். அந்த வரிசையை நடுவே பிரிக்கும் நடைவழிக்கு அந்தப் பக்கம் தலைவர்கள், இந்தப் பக்கம் முதல் இருக்கையில் இவர். முதல் வரிசையிலேயே உட்கார்ந்த பேக்பெஞ்சர்! ஆக, இந்தச் சொல் நாற்காலியைச் சொல்லவில்லை, பதவி இல்லாததைச் சொல்கிறது.

அப்படியானால் ‘அமைச்சரல்லாத உறுப்பினர்’ என்று எழுதலாமே என்பார்கள் தூய தமிழ் அன்பர்கள். நிழல் அமைச்சரும் அமைச்சரல்லாதவர்தான், ஆனால் அவர் முன்வரிசை. ‘பதவியேற்காத உறுப்பினர்’ என்றும் பார்த்தேன். அது இன்னும் உறுதிமொழி எடுக்காதவர் என்றாகிவிடும். ‘பொறுப்பற்ற உறுப்பினர்’ பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

‘பின்வரிசை உறுப்பினர்’ போதும். முன்வரிசை, பின்வரிசை என்று ஜோடியாகவும் நிற்கும். ஸ்கின்னர் முன்னால்தானே உட்கார்ந்தார் என்று மடக்குபவர்களுக்கு: கொறடா என்றாலும் சாட்டைதான், வடக்கேயிருந்து வந்த சொல். நம் சட்டமன்றக் கொறடா கையில் சாட்டை எங்கே என்று யாராவது தேடுகிறோமா? புழங்கப் புழங்கச் சொல் பதவியின் பெயராகிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கான அவகாசத்தைக் கொடுப்பதில்லை. ஏற்கனவே உள்ள சொல்லைத் தேடும் நேரத்தில் புதிதாக ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். மறுநாள் பக்கத்துப் பத்திரிகை இன்னொன்றைச் செய்கிறது.

கன்சர்வேடிவ் கட்சியின் பின்வரிசை உறுப்பினர்களுக்கு 1922 குழு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கட்சித் தலைவர்மேல் நம்பிக்கை இல்லை என்று எழுதும் கடிதங்கள் இந்தக் குழுவின் தலைவரிடம்தான் போகும். 2022 ஜூனில் அந்தக் கடிதங்கள் சேர்ந்து போரிஸ் ஜான்சனை வாக்கெடுப்பில் நிறுத்தின. 211-க்கு 148 என்று தப்பினார், மறுமாதமே பதவி விலகுவதாக அறிவித்தார். ஒரு பிரதமரை அந்த நிலைக்குக் கொண்டுபோனவர்களை ‘கடைசி பெஞ்ச் குழு’ என்று எழுத எப்படித்தான் கை வருகிறதோ.