சினிமாப் பாட்டு வாசித்தால் கை கெட்டுப்போகாது

வர்ணம் (அடிப்படைப் பயிற்சிகளுக்குப் பிறகு கற்கும் கர்நாடக இசை உருப்படி) வரைக்கும் வந்துவிட்ட ஒரு மாணவி வயலினை மூடி வைத்துவிட்டாள். வீட்டில் ஒரு சினிமாப் பாட்டைக் காதால் கேட்டு, யார் உதவியும் இல்லாமல் சரணம் வரை பிடித்திருக்கிறாள். “அதெல்லாம் வாசித்தால் கை கெட்டுப்போகும், பாடத்தை எடு” என்று அதட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பாடமும் போயிற்று. வயலின் சொல்லிக்கொடுக்கும் நான் இந்தக் கதையை வேறு வேறு வீடுகளிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

கை எதனால் கெடும்? வில் நேராகப் போகாமல் ஃபிங்கர்போர்டு (இடது கை விரல் வைக்கும் பலகை) பக்கம் சரிந்தால் கெடும். இடது கட்டைவிரல் வயலினின் கழுத்தை இறுக்கிப் பிடித்தால் கெடும். தோளைத் தூக்கிக்கொண்டு வாசித்தால் கெடும். கீர்த்தனை வாசிக்கும்போதும் இத்தனையும் நடக்கும், மேற்கத்திய இசைமேதை பாக் எழுதியதை வாசிக்கும்போதும் நடக்கும். எந்தப் பாட்டு என்பது விரலுக்குத் தெரியாது, எப்படிப் பிடிக்கிறோம் என்பதுதான் தெரியும்.

“கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) இல்லாத பாட்டு, அதனால் சுகபாவம் போய்விடும்” என்று இன்னொரு வாதம். கமகம் இல்லாமல் ஒரு ஸ்வரத்தை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். சுருதி எவ்வளவு விலகியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கும்பெனியின் பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்து நோட்டுஸ்வரங்களாகத் தந்தார். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் அதில் இருக்கிறது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் கற்றுத்தான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். பெரிய பாடகர்களான அரியக்குடிக்கும் செம்மங்குடிக்கும் பக்கவாத்தியம் வாசித்த குன்னக்குடி வைத்தியநாதன் படங்களுக்கு இசையமைத்தார், கச்சேரி மேடையிலேயே சினிமாப் பாட்டும் வாசித்தார். மேற்கே புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெஹூடி மெனுஹின், ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து 1970களில் இசைத்தட்டுகளே வெளியிட்டார். இவர்களுக்கு ஆகாத கேடு உங்கள் பிள்ளைக்கு மட்டும் வந்துவிடாது.

சரி, உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான். போன வாரம் வெளியான குத்துப்பாட்டைக் கொண்டுவருகிறார்கள். அதன் உயிர் வார்த்தையிலும் தாளத்திலும் இருக்கிறது, மெட்டு இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தாண்டாது. வயலினுக்கு வார்த்தை கிடையாது. பாடகர் இருபது சொற்களை ஒரே ஸ்வரத்தில் அடுக்கிய இடம் வயலினில் ஒரே ஸ்வரமாகக் கரகரவென்று கேட்கும். “எனக்கு வாசிக்க வரவில்லை” என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது.

அதனால் முதலில் பாட்டை வெறும் “லா லா” போட்டுப் பாடிப் பாருங்கள். அப்போதும் கேட்க இனிமையாக இருந்தால் அது வயலினுக்கு ஏற்ற பாட்டு. தாலாட்டு, மெலடிப் பாட்டுகள், காவடிச்சிந்து மெட்டுகள் எல்லாம் இதில் தேறும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே வில்லைத் திருப்புங்கள். அதைச் செய்தாலே பாதிப் பாட்டு பாடுவதுபோல ஒலிக்கும். இடையிசையில் வரும் வயலின் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் பலர் சேர்ந்து, கழுத்தில் மேலே ஏறி வாசித்தது. பாடும் பகுதி அப்படியல்ல. கையைக் கழுத்தின் நுனியிலேயே வைத்து வாசிக்கும் முதல் பொசிஷனிலேயே இரண்டு ஸ்தாயிக்கு மேல் கிடைக்கிறது, பெரும்பாலான பாட்டுகள் அதற்குள் அடங்கும்.

மேற்கத்திய முறையில் கற்பவர்கள் பாட்டின் சுருதியை டி, ஜி, ஏ மேஜர் ஸ்கேல்களில் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓபன் ஸ்ட்ரிங் (விரல் வைக்காத தந்தி) கூடவே அதிர்ந்து ஒலி நிறையும். பாடகரின் குரலுக்காக வைத்த சுருதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

சினிமாவுக்கு வெளியே அயர்லாந்து நாட்டுப்புற மெட்டுகளை நான் நிறையக் கொடுக்கிறேன். பெரும்பாலானவை முதல் பொசிஷனைத் தாண்டாதவை. எட்டு அளவைகள் (தாளத்தைச் சமமாகப் பிரித்த துண்டுகள்) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை, அவ்வளவுதான். ஜிக் என்ற வகை மூன்று மூன்றாக நடக்கும், கர்நாடக இசையில் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். சிகாகோவில் காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல் 1903-இல் 1850 மெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார். ‘தி செஷன்’ என்ற தளத்தில் இந்த வகை மெட்டுகள் நொட்டேஷனோடு இலவசமாகவே கிடைக்கின்றன.

கர்நாடக இசை மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அமெரிக்க நாட்டுப்புற வயலின்காரர்கள் ஏ-ஈ-ஏ-ஈ என்று தந்திகளைச் சுருதி சேர்ப்பதுண்டு. அது நம்முடைய ஸ-ப-ஸ-ப தான்! ஒரு தந்தியில் பிடித்த விரலை அப்படியே இரண்டு தந்தி தள்ளி வைத்தால் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். ஆனால் வழக்கமான மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-ஈ வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தடித்த இரண்டு தந்திகளையும் முறுக்கி ஏற்ற வேண்டாம். தந்தி அறும், வயலினுக்கும் பாரம் கூடும். மெல்லிய இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி-டி-ஜி-டி ஆக்குங்கள். நம் சுருதிக் கணக்கில் ஐந்து கட்டை, அதாவது ஜி தான் ஸ.

அப்புறம், தயவுசெய்து இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டோடு சேர்ந்து வாசிக்காதீர்கள். உங்கள் அபஸ்வரம் உங்களுக்கே கேட்காது. பழைய பதிவுகள் பல, நாடா ஓடிய வேகத்தால் அரை ஸ்வரத்துக்கும் குறைவாக ஏறியோ இறங்கியோ இருக்கும். அதற்கு ஏற்ப விரலை வைத்துப் பழகினால் அதுதான் கெடுதல். நான்கு அளவை கேளுங்கள், நிறுத்துங்கள், பாடுங்கள், பிறகு வாசியுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கினாலும் சுருதி மாறாது. கால அளவே போடாமல் வெறும் எழுத்துகளை வரிசையாக எழுதிக் காசுக்கு விற்கும் ‘வயலின் நோட்ஸ்’ வாங்காதீர்கள். எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் என்று இல்லாத தாளால் ஒரு பயனும் இல்லை.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை தானாக எடுத்து ஒரு பாட்டை வாசிக்கும்போது நடுவில் நிறுத்தாதீர்கள். வில் கோணலாகப் போவது தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள், அதே பாட்டை வைத்தே வகுப்பில் சரி செய்து கொடுக்கிறோம்.