ஜனவரித் தீயும் மார்ச் தீயும்

மலைப் புல்வெளியில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமானால் ஒரு புல்லை ஒடித்துப் பார்த்தால் போதும். காலை ஏழு மணிக்குத் தாளை வளைத்தால் நார்போல மடங்கும், பனி ஈரம் உள்ளே இருக்கும். பதினொரு மணிக்கு அதே தாள் சடக்கென்று முறியும். விறகுக்கட்டை காய வாரக்கணக்கில் ஆகும். புல்லுக்குச் சில மணி நேரம் போதும். காலையில் பார்த்துவிட்டு, 'பச்சையாகத்தானே இருக்கிறது' என்று மேலே ஏறுபவர்கள் நண்பகலில் வேறொரு மலையில் நிற்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்மேடுகளில் பல கோடைகளைத் தீக்காவல் பணியில் கழித்தவன் நான். எங்களிடம் பேச வருபவர்கள் பெரும்பாலும் 'காட்டுத்தீ' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். சருகுத்தீ தரையோடு ஊர்ந்து வரும், அதற்கு முன்னால் நடந்தே விலகிவிடலாம். புல்தீ அப்படியல்ல. இடுப்புயரப் புல் நிற்கும் சரிவில், காற்றும் சேர்ந்துகொண்டால், அதை ஓடி முந்த முடியாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது இதுதான். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் பிற்பகலில் காய்ந்த புல்சரிவில் சிக்கினார்கள். அன்றும் அடுத்து வந்த நாட்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அந்தச் சரிவுகளில் நிற்பது நாங்கள் போதைப்புல் என்று சொல்லும் வகை. கசக்கினால் எலுமிச்சை மணம் வீசும், இலையில் எண்ணெய் இருக்கிறது. மார்ச் மாதத்தில் அது ஆள் மறையும் உயரத்துக்கு வைக்கோலாக நிற்கும்.

சரிவு ஏன் இவ்வளவு கொடியது? தீச்சுடர் மேல்நோக்கிச் சாயும்போது எதிரே உள்ள புல்லை, தொடுவதற்கு முன்பே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. சரிவு ஏறக்குறைய 10 பாகை கூடினால் தீ ஏறும் வேகம் இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் வழக்கமான கணக்கு. 20 பாகை என்றால் நான்கு மடங்கு. பகலில் மலைக்காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கியே வீசும். ஓடைப் பள்ளம் புகைபோக்கிபோல வேலை செய்யும். மனிதனோ மேட்டில் ஏற ஏற வேகம் குறைகிறவன். தீயைக் கண்டதும் மேலே ஓடுவது இயல்பான பதற்றம்தான், ஆனால் உயிரைப் பறிப்பதும் அதுதான்.

கீழே தீ தெரிந்தால் பக்கவாட்டில் விலகுங்கள். பாறைத் திட்டு, வெட்டவெளி, தண்ணீர் உள்ள ஓடை, சோலையின் (மலைப் பள்ளங்களில் நிற்கும் பசுமைமாறாக் காட்டின்) ஈரமான உட்பகுதி, இவற்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போய்ச் சேருங்கள். எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை. அங்கே எரிய எதுவும் மிச்சமில்லை. புல்தீயின் சுவாலை ஓரிடத்தில் நிற்பது பெரும்பாலும் சில விநாடிகளே. நெருப்பின் ஓரம் தாழ்ந்து, மறுபக்கம் தெளிவாகத் தெரிகிற இடத்தில் கடந்து கருகிய பக்கம் போய்விட்டவர்கள் பிழைத்திருக்கிறார்கள். அதுவும் வேறு வழியே இல்லாதபோது மட்டும். பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்தியே உடுத்துங்கள். கோடையில் மலையேற்றப் பாதைகளை மூடுவதைப் பலர் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். அந்த அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

இதையெல்லாம் சொல்லும் நானே ஜனவரியில் கையில் தீப்பந்தத்தோடு புல்மேட்டில் நிற்பேன். இதைக் கேட்டுத் திகைக்காதவர்கள் குறைவு.

நம் உயர்மலைப் புல்வெளிகள் காட்டை அழித்ததால் உண்டானவை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. நீலகிரியின் சதுப்பு மண்ணைத் துருவி ஆராய்ந்தபோது புல் அங்கே 20,000 ஆண்டுகளுக்கும் மேலாக இருப்பது தெரியவந்தது. உறைபனியோடும் மேய்ச்சலோடும் அவ்வப்போது தீயோடும் வாழப் பழகிய புல் அது. அதன் குருத்து மண்ணோடு ஒட்டி இருக்கிறது. மேலே சுவாலை வேகமாகக் கடந்துபோனால், ஒரு விரற்கடை மண்ணுக்குக் கீழே சூடு அதிகம் இறங்குவதில்லை. தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காகப் புல்லை எரித்து வந்தது இதை அறிந்துதான். கேரளத்தின் இரவிகுளத்தில், அது 1975இல் சரணாலயமாவதற்கு முன்பிருந்தே, புல்வெளியைத் துண்டு துண்டாக, ஆண்டுக்கு ஒரு பகுதி என்று மாற்றி மாற்றி எரிக்கும் வழக்கம் இருந்தது. அந்த வேலையின் நெளிவு சுளிவு அறிந்தவர்கள் அந்த மலைகளின் பழங்குடிகளான முதுவர்கள். எரிந்த இடத்தில் எழும் இளந்தளிரை வரையாடு விரும்பி மேயும்.

பல ஆண்டுகள் எரியாமலும் மேயப்படாமலும் விட்ட சரிவில் பழைய தாள் மேல் புதிய தாள் அடுக்கடுக்காகச் சேர்கிறது. ஒருநாள் யாரோ வீசிய பீடித் துண்டில் அத்தனையும் ஒன்றாக எரிகிறது. நம் காடுகளில் தீயெல்லாம் ஏறக்குறைய மனிதன் வைத்ததே. மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்று யாராவது சொன்னால் நான் அடுத்த கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவேன்.

தீ தாண்டிப் பரவாதபடி முன்கூட்டியே புல்லை அகற்றி வைக்கும் பட்டையைத்தான் தீக்கோடு என்கிறோம். ஜனவரியில் அதை எரிப்பது இப்படி. முகட்டை ஒட்டி இரண்டு ஓரங்களிலும் புல்லை மண் தெரியச் செதுக்குவோம். நடுவில் நிற்கும் பட்டையைப் பிற்பகல் சாய்ந்த பிறகு எரிப்போம், எப்போதும் மேலிருந்து கீழாக. சரிவில் இறங்கும் தீ முழங்கால் உயரம்கூட எழாது, நடந்துபோகிற வேகம்கூட இருக்காது. பச்சைக் கொப்போடும் முதுகில் நீர்த் தெளிப்பானோடும் ஆட்கள் ஓரத்தில் நிற்பார்கள். இருட்டும்போது ஈரம் ஏறி மிச்சத்தைத் தானே அடக்கிவிடும்.

ஒரு ஜனவரி மாலை. ஆட்கள் எல்லோரும் தயார், எனக்கும் அவசரம். எங்களோடு இருந்த முதுவக் காவலர் ஒரு பிடி புல்தூளை எடுத்துத் தோள் உயரத்திலிருந்து விட்டார். அது சரிவில் மேல்நோக்கிப் போய் விழுந்தது. "இன்றைக்கு வேண்டாம் ஐயா. காற்று இன்னும் இறங்கவில்லை" என்றார். திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் அதே நேரத்தில் தூள் கீழ்நோக்கிச் சாய்ந்தது. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இன்னோர் ஆண்டு தீக்கோடு வெட்டுவதற்கான பணம் பிப்ரவரி கடைசியில்தான் கைக்கு வந்தது. அதற்குள் புல் நன்றாகக் காய்ந்திருந்தது. எரிக்கத் துணியாமல் வெறுமனே செதுக்கிவிட்டு வந்தோம். மார்ச்சில் எங்கிருந்தோ வந்த தீ அந்தச் சின்னக் கோட்டைத் தாண்டி, கீழே இருந்த சோலையின் விளிம்பைத் தின்றது. புல் அடுத்த மழையில் தளிர்த்துவிட்டது. சோலை மரத்துக்குத் தீ பழக்கமில்லை, மெல்லிய பட்டை வெந்தால் மரம் செத்துவிடும். அந்த விளிம்பில் இன்றைக்கும் பெரணிப் புதர்தான் நிற்கிறது. தீக்கோட்டுப் பணம் டிசம்பருக்குள் சரகத்துக்கு வந்துசேர வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுதான் காரணம்.

செயற்கைக்கோள் எச்சரிக்கை இருக்கிறதே என்று கேட்பார்கள். இந்திய வன அளவை நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தி உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அதற்குத் தகவல் தரும் செயற்கைக்கோள் கருவிகளில் கூர்மையானது நம் தலைக்கு மேல் வருவது பகல் 1.30 மணியளவிலும் பின்னிரவு 1.30 மணியளவிலும். மூன்று மணிக்குப் பிடித்த புல்தீ மாலைக்குள் மலையையே முடித்துவிடும். முகட்டில் நிற்கும் ஒரு காவலரின் கண்ணுக்கு இன்னும் மாற்று வரவில்லை.

எல்லாப் புல்வெளிக்கும் தீ நல்லது என்று நான் சொல்லவில்லை. சீகை மரம் (வாட்டில் என்னும் அயல்நாட்டு மரம்) புகுந்த சரிவை எரித்தால், மண்ணில் பல ஆண்டுகளாக உறங்கும் அதன் விதைகள் சூட்டில் ஓடு வெடித்து ஆயிரக்கணக்கில் முளைக்கும். அங்கே முதலில் மரத்தை அகற்றி, பிறகு நாற்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அசாமின் மானஸ் புல்வெளியில் வாழும் குள்ளப் பன்றிக்கு ஆண்டு முழுவதும் உயர்ந்த புல் மறைவு வேண்டும். மொத்தமாக எரித்தால் அதற்கு ஒளிய இடமே இருக்காது. நம் மலையிலும் வரையாடு குட்டி ஈனும் காலம் ஜனவரி, பிப்ரவரி. நெட்டைக்காலிக் குருவி தரையில் புல்லுக்கு அடியில் கூடு கட்டும். எந்தத் துண்டு, எந்த வாரம் என்பதை அந்தந்த இடத்தில் நடந்து பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் யாரும் தீப்பெட்டியை எடுத்துவிட வேண்டாம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்குகின்றன. உங்கள் வரப்பு ஓரத்தில் புல் மண்டியிருந்தால் தை மாதத்துக்குள் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். தட்டையைக் கொளுத்தும் பழக்கம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் முன்பே சொல்லுங்கள். ஆள் அனுப்பச் சொல்லியே கேளுங்கள்.

எரித்த மறுநாள் காலையில் மீண்டும் ஏறுவோம். கறுத்த தரையில் காட்டுமாட்டுச் சாணம் வறட்டியாகக் கிடக்கும். பார்த்தால் சாம்பல்தான். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியும், உடைத்தால் உள்ளே செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும். பத்து மணிக் காற்று அதை உருட்டி ஓரத்துப் புல்லில் சேர்த்துவிடும். ஒவ்வொன்றாக உடைத்து, தண்ணீர் ஊற்றி, மண்ணைப் போட்டுக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம்.